‘பழகிப் போச்சுண்ணே’ என்பதே பெரிய பழுது

“வளைவுல மோட்டார் ஒரு மாதிரியா இருக்குண்ணே.”

பட்டறையில் மாதத்துக்கு நாலைந்து முறையாவது இந்தப் புகார் என் காதில் விழும். எஞ்சின் கோளாறு என்றால் அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டிவிடுவார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். வளைவில் வரும் கோளாறைச் சொல்லத்தான் யாருக்கும் வார்த்தை கிடைப்பதில்லை. கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டுவார்கள். “எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: “அது ரொம்ப நாளாவே அப்படித்தான். பழகிப் போச்சுண்ணே.”

என்னைக் கேட்டால், டயர், பேரிங், அப்சார்பர் எல்லாவற்றையும்விட ஆபத்தான பழுது அந்தப் ‘பழகிப் போச்சு’தான். டயர் ஒரே இரவில் தேய்வதில்லை. ஸ்டியரிங் பேரிங்கில் ஒரே நாளில் பள்ளம் விழுவதில்லை. வாரத்துக்குக் கொஞ்சம், மாதத்துக்குக் கொஞ்சம் என்று மோட்டார் கெட்டுக்கொண்டே வரும். நம் கையும் இடுப்பும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். தினமும் போகும் சாலை, தினமும் போகும் வேகம், காய்ந்த தரை என்றால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் மாலை மழை கொட்டும். பின்னால் மனைவியோ பிள்ளையோ உட்கார்ந்திருப்பார்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு முன்னால் போன லாரி திடீரென்று நிற்கும். அந்த ஒரு நொடிக்கென்று மிச்சம் இருக்க வேண்டிய பிடிமானத்தை நாம் முன்பே செலவழித்துவிட்டிருப்போம்.

மலேசியாவில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போகிறவர்கள். எல்லா விபத்துக்கும் வண்டி காரணமில்லை. மற்றவர் ஓட்டும் விதத்தை நம்மால் மாற்றவும் முடியாது. நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டாரை மட்டும் நம்மால் சரிபார்த்து வைக்க முடியும். அதற்குப் பெரிய மெக்கானிக் அறிவு தேவையில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

வளைவு ஏன் காட்டிக்கொடுக்கிறது?

நேராகப் போகும்போது, சுழலும் சக்கரமும் முன் ஃபோர்க்கின் சாய்வும் சேர்ந்து மோட்டாரை நிமிர்த்தியே வைத்திருக்கும். தேய்ந்த புஷ், குறைந்த காற்று எல்லாம் அதில் மறைந்துவிடும். வளைவில் வண்டி சாய்ந்தாக வேண்டும். சாய்ந்த வண்டியின் எடையையும், வெளிப்பக்கம் தள்ளும் வேகத்தையும் தாங்கி நிற்பது இரண்டு டயர்கள் தரையைத் தொடும் இடம் மட்டுமே. அந்த இடம் நம் உள்ளங்கை அளவுகூட இராது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மோட்டார் சுமார் 14 பாகை சாய வேண்டும். அதே வளைவில் 60 கிலோமீட்டர் வேகம் என்றால் சாய்வு சுமார் 30 பாகை. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. சாய்வு இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. 40-ல் தலைகாட்டாத கோளாறு 60-ல் ஏன் பயமுறுத்துகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓரளவு வேகத்தில் போகும்போது இடது பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளுகிறோம். ஹேண்டில் ஒரு கணம் வலது பக்கம் போகும். வண்டி இடது பக்கம் சாயும். பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் அவர்கள் கை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அந்தத் தள்ளலுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் பலம் வேண்டியிருந்தாலோ, தள்ளியதற்கு மேல் வண்டி சாய்ந்தாலோ, ஏதோ சரியில்லை என்று பொருள்.

ஸ்பேனரைத் தொடும் முன் நான்கு கேள்விகள்

பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் நான்கு கேள்விகள் கேட்பேன். நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் கேள்வி: எப்போது? வளைவுக்குள் நுழையும்போதா, நடுவில் சாய்ந்து போகும்போதா, வெளியே வரும்போதா?

இரண்டாவது: எந்தப் பக்கம்? இடது வளைவு, வலது வளைவு இரண்டிலுமா, ஒன்றில் மட்டுமா?

மூன்றாவது: எங்கே? எல்லா வளைவிலுமா, குறிப்பிட்ட ஒரே இடத்திலா? ஒரே இடம் என்றால் மோட்டாரை விட்டுவிட்டுச் சாலையைப் பாருங்கள். லாரி சிந்திய டீசல், ஓரத்து மணல், சாலை ஒட்டுப்போட்ட மேடு, மழையில் வழுக்கும் வெள்ளைக்கோடு என்று எதுவாகவும் இருக்கலாம்.

நான்காவது: எதற்குப் பிறகு? டயர் மாற்றிய பிறகா, செயின் இறுக்கிய பிறகா, கீழே விழுந்து எழுந்த பிறகா, பின்னால் பெட்டி மாட்டிய பிறகா?

இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பதில் தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும்.

நுழையும்போது முரண்டு பிடித்தால்

“முதல்ல சாயமாட்டேங்குது. கொஞ்சம் அழுத்தினா பொத்துன்னு விழுது.” இப்படிச் சொன்னால் நான் முதலில் குனிந்து பார்ப்பது பின் டயரை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கென்றே இருக்கும் பாதையில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள், ஜொகூர்பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர்கள் பலருடைய பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். பார்த்தால் ஓரத்தில் பூ நிறைய இருக்கும்; “இன்னும் ஆறு மாசம் ஓடும்” என்று தோன்றும். ஆனால் உருண்டையாக இருக்க வேண்டிய டயர் இப்போது பலகை மாதிரி ஆகிவிட்டது. சாயும்போது அந்தத் தட்டையின் விளிம்பில் ஏறி, அதைத் தாண்டியதும் சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்தைத்தான் ‘பொத்துன்னு’ என்கிறார்கள்.

ஹேண்டிலே கனமாகத் தெரிந்தால் முன் டயரில் காற்று குறைவாக இருக்கலாம். புகாரோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் செய்வது காற்றுப் பார்ப்பதுதான். சில நேரம் அதோடு வேலையே முடிந்துவிடும்.

நேராகப் போகும்போது ஹேண்டில் நடுவில் பூட்டிக்கொண்ட மாதிரி இருந்து, மெதுவாகப் போகையில் வண்டி இப்படியும் அப்படியும் அலைந்தால், அது ஸ்டியரிங் பேரிங். நம் கடைகளில் ‘கோன்’ என்போமே, அதுதான். பல ஆண்டுகள் குழியில் இறங்கி ஏறியதில் குண்டுகள் உட்காரும் இடத்தில் சிறு பள்ளங்கள் விழுந்திருக்கும். ஹேண்டில் அந்தப் பள்ளத்தை விட்டு வெளியே வர அடம்பிடிக்கும். கோனை அளவுக்கு மீறி இறுக்கினாலும் இதே அறிகுறிதான் வரும்.

நடுவில் ஆட்டம் கண்டால்

சாய்ந்து போகும்போது பின்பக்கம் தனியாக ஆடுகிறது, வண்டி நடுவில் ஒடிந்த மாதிரி இருக்கிறது என்றால் ஸ்விங் ஆர்மின் புஷ், பின் சக்கர பேரிங், பின் டயர் காற்று ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். மேடு பள்ளம் வந்தால் மட்டும் துள்ளித் துள்ளி வெளியே போகிறது என்றால் அப்சார்பரில் எண்ணெய் போயிருக்கும்; வெறும் ஸ்பிரிங் மட்டும் வேலை செய்யும். கைப்பிடியில் நடுக்கம் வந்தால் கோன் தளர்ச்சி, முன் சக்கர பேரிங், ஃபோர்க் என்ற வரிசையில் பாருங்கள். ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற கம்பி ரிம் மோட்டார்களில் ஸ்போக் தளர்ந்திருந்தாலும் நடுக்கம் வரும்.

ஃபோர்க் காலில் எண்ணெய் கசிந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். முன்பக்கம் தாழ்ந்து துள்ளும் என்பது ஒரு தொல்லை; அந்த எண்ணெய் வழிந்து பிரேக் டிஸ்க்கில் பட்டால் அது வேறு தொல்லை.

வெளியே தள்ளினால், ஒரு பக்கம் இழுத்தால்

வளைவிலிருந்து வரும்போது மோட்டார் எதிர்த் தடத்தை நோக்கிப் போகப் பார்க்கிறதா? பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் தாழும்போது முன் ஃபோர்க் இன்னும் சாய்ந்துவிடும். வண்டி திரும்பத் தயங்கும். தளர்ந்த அப்சார்பர், பின்னால் கனமான ஆள், அழகுக்காகக் குட்டையான அப்சார்பர் மாட்டியது எல்லாமே இந்த விளைவைத் தரும். நேர்மாறாகப் பின்பக்கத்தை மிகவும் உயர்த்தினால் வண்டி சட்சட்டென்று திரும்பும். நேரே போகையில் நிலையில்லாமல் இருக்கும். தயாரிப்பாளர் கொடுத்த உயரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. டயர் அளவும் அப்படித்தான். பந்தய மோட்டார் மாதிரி தெரிய வேண்டும் என்று மெல்லிய டயரை அகன்ற ரிம்மில் மாட்டினால் அதன் உருண்டை வடிவம் கெட்டுவிடும். அகன்ற டயரைக் குறுகிய ரிம்மில் திணித்தாலும் கெடும்.

இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேறு மாதிரி என்றால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லை என்று சந்தேகப்படலாம். செயின் இறுக்கும்போது பின் அச்சின் ஒரு பக்கத்தை மட்டும் கூடுதலாக இழுத்துவிட்டிருப்பார்கள். வண்டி ஒருமுறை விழுந்திருந்தால் ஃபோர்க் முறுகியிருக்கலாம், ஹேண்டில் வளைந்திருக்கலாம். பழைய மோட்டார் வாங்குகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மகள் சொன்னது சரி

ஒரு குடும்பத்தின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அப்பா பல ஆண்டுகளாக ஒரு கப்சாயில் வேலைக்குப் போய் வந்தவர். பி2 உரிமம் எடுத்த மகளுக்கு அதைக் கொடுத்தார். இரண்டே நாளில் மகள் சொல்லிவிட்டாள்: “அப்பா, இது வளைவுல என்னைக் கீழ தள்ளப் பார்க்குது.”

“உனக்கு இன்னும் ஓட்ட வரலம்மா. நான் இத்தனை வருஷமா இதைத்தானே ஓட்டுறேன்” என்பது அப்பாவின் பதில். மகள் விடவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

அவளிடம் நான்கு கேள்விகளையும் கேட்டேன். நுழையும்போது, இரண்டு பக்கமும், எல்லா வளைவிலும், முதல் நாளிலிருந்தே. டபுள் ஸ்டாண்ட் போட்டு, பின்பக்கத்தை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்பச் சொன்னேன். நடுவுக்கு வரும்போது ‘கடக்’கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. அப்பாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் திருப்ப வைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. பின் டயர் நடுவில் தட்டை. ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆட்டம்.

இத்தனையையும் அவர் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல ஓட்டுநர், அதனால்தான் அவருக்குத் தெரியவில்லை. மகளுக்குப் பழக்கம் இல்லை. அதனால் இருந்ததை இருந்தபடி உணர்ந்தாள். கோன், டயர், புஷ் மூன்றும் மாற்றியதும் முதலில் ஓட்டிப் பார்க்கச் சொன்னது அப்பாவைத்தான். ஒரு சுற்றுப் போய் வந்தவர், “ரொம்ப லேசா இருக்கு. எனக்கே பயமா இருக்கு” என்றார். கனமான ஹேண்டிலைத் தள்ளித் தள்ளி அவர் கை கற்றுக்கொண்ட பலம் இப்போது தேவைப்படவில்லை. அதை மறக்க அவருக்கு ஒரு வாரமாவது ஆகியிருக்கும்.

நம் குடும்பங்களில் மோட்டார் கைமாறிக்கொண்டே இருக்கும். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு. புதிதாக ஏறுகிறவர் ஏதாவது சொன்னால், “உனக்கு ஓட்டத் தெரியல” என்று வாயை அடைக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களில் அந்த மோட்டாரை இன்னும் பழகாத ஒரே ஆள் அவர்தான்.

பெட்டி செய்த வேலை

உணவு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் முன் டயரும் ஃபோர்க் வேலையும் செய்ய வேண்டும் என்று வந்தார். வளைவில் முன் சக்கரம் மிதக்கிறதாம். மழையில் பயமாக இருக்கிறதாம். வேறொரு கடையில் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவருக்கு அன்றைய ஓட்டம்தான் அன்றைய சம்பளம். வேலையை முடித்துத் தர ஒருநாள் மோட்டாரை வைத்துக்கொண்டால் அந்த நாள் போயிற்று.

முதல் மூன்று கேள்விகளில் ஒன்றும் பிடிபடவில்லை. நான்காவதில் சிக்கியது. “பெரிய பெட்டி மாத்தின பிறகுதாண்ணே.” பெட்டியைத் தாங்கும் கம்பி பின் அச்சைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. பின் அச்சுக்குப் பின்னால் எடை ஏற்றினால் அது நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். பின்னால் அமுக்கும், முன்னால் தூக்கும். முன் டயரை மாற்றியிருந்தாலும் மிதப்பு அப்படியே இருந்திருக்கும்.

“பெட்டியைக் கழற்றி வெச்சிட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க” என்றேன். போய் வந்து சிரித்தார். கம்பியை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினோம். அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தை ஒரு படி ஏற்றினோம். பின் டயரில் சுமைக்கு உரிய காற்றை வைத்தோம். கனமானதைப் பெட்டியின் அடியில், முன்பக்கமாக வைக்கச் சொன்னேன். புதுப் பொருள் ஒன்றும் வாங்கவில்லை.

வீட்டு வாசலில் இருபது நிமிடம்

பட்டறைக்கு வரும் முன் நீங்களே செய்யக்கூடியது இது. இந்த வரிசையிலேயே செய்யுங்கள். செலவில்லாதது முதலில் வரும்.

*காற்று:* ஓட்டி முடித்த உடனே பார்க்காதீர்கள். சூட்டில் அழுத்தம் கூடிக் காட்டும். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பெட்ரோல் நிலையத்தில் காலையில் பாருங்கள். அங்குள்ள இயந்திரங்கள் பெரும்பாலும் கிலோபாஸ்கலில் காட்டும். பல சிறிய மோட்டார்களுக்கு முன்னால் 200, பின்னால் 225 என்பது தனியாக ஓட்டுபவருக்கான வழக்கமான அளவு. அதாவது சுமார் 29, 33 பிஎஸ்ஐ. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதலாக வேண்டும். உங்கள் மோட்டாருக்கான சரியான எண் செயின் உறையிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும். அதுவே கடைசி வார்த்தை.

*டயர்:* ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உள்ளங்கையால் தடவுங்கள். பந்தைத் தடவுவது போல வர வேண்டும். நடுவில் தட்டையும் இரு பக்கமும் விளிம்பும் தட்டுப்பட்டால் பூ எவ்வளவு இருந்தாலும் அந்த டயரின் காலம் முடிந்தது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். புது டயர் மாட்டினால் முதல் 100 கிலோமீட்டர் வரை வளைவில் நிதானமாகப் போங்கள், மேற்பரப்பு வழுக்கும்.

*செயின்:* மிகவும் இறுகிய செயின் பின் அப்சார்பரை வேலை செய்ய விடாது. பல கப்சாய்களுக்கு நடுவில் சுமார் 3 சென்டிமீட்டர் ஏறி இறங்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடத்தில் பாருங்கள். இரு பக்கத்திலும் அச்சு ஒரே குறியில் நிற்கிறதா என்றும் சரிபாருங்கள். குறியில் நம்பிக்கை இல்லையென்றால், பின் டயரின் இரு பக்கமும் ஒட்டி ஒரு நூலை முன்னால்வரை இழுத்துப் பிடியுங்கள். நேராக நிற்கும் முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

*ஸ்டியரிங்:* டபுள் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்னால் அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கட்டும். ஹேண்டிலை ஒரு விரலால் ஓரத்துக்கு ஓரம் திருப்புங்கள். எங்கும் தடுக்கக் கூடாது. பிறகு ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ‘டொக்’ என்று தட்டினால் கோன் தளர்ந்திருக்கிறது.

*பின்பக்கம்:* பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் அசைந்தால் பேரிங். ஸ்விங் ஆர்மும் சேர்ந்து அசைந்தால் புஷ்.

*அப்சார்பர்:* ஸ்டாண்டை எடுத்துவிட்டு இருக்கையை அழுத்தி விடுங்கள். எழுந்து ஒருமுறையில் அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை துள்ளினால் மாற்ற வேண்டிய நேரம். முன் ஃபோர்க் காலில் எண்ணெய் வளையம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

ஒரு கோளாறு தென்பட்டதும் அதை மட்டும் சரிசெய்யுங்கள். அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பிறகு அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. இதில் ஒரு விதிவிலக்கு: டயர், பேரிங், ஃபோர்க் கசிவு போன்ற உயிருக்கு ஆபத்தானவை எத்தனை தென்பட்டாலும் அத்தனையையும் சரிசெய்த பிறகே சாலையில் இறங்குங்கள்.

எல்லாம் சரி, இன்னும் தள்ளுகிறதா?

அப்படியென்றால் ஓட்டும் முறையையும் பார்க்க வேண்டும். வளைவுக்குள் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நிமிர்ந்து நேராகப் போகப் பார்க்கும். அது பழுதில்லை, எல்லா மோட்டாரும் அப்படித்தான். வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு ஹேண்டில் எப்போதும் கனமாகத்தான் தெரியும். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். எதிர் லாரியையே பார்த்துக்கொண்டு வளைந்தால் லாரியை நோக்கித்தான் போவீர்கள். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.

உலு யாம் மலைச்சாலையில் வார இறுதியில் காலையில் கிளம்பும் இளைஞர்கள் இந்தச் சோதனைகளை ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். வியாழனோ வெள்ளியோ செய்யுங்கள். பழுது தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும். இல்லையென்றால், “இன்னிக்கு ஒருநாள் மட்டும் போய்ட்டு வந்துடலாம்” என்று மனம் சொல்லும்.

கடைசியாக ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உரிமம் உள்ள, நிதானமாக ஓட்டும் ஒருவரிடம் உங்கள் மோட்டாரைக் கொடுத்து, அமைதியான சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வந்து அவர் முதலில் சொல்லும் வார்த்தையை மறுத்துப் பேசாமல் கேளுங்கள். “எப்படி இதை ஓட்டுறீங்க?” என்று அவர் கேட்டால், “பழகிப் போச்சு” என்று பதில் சொல்லாதீர்கள். டபுள் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள்.

உங்கள் மோட்டாரின் வளைவுக் கோளாறு பற்றி எனக்கு எழுதுகிறவர்கள், மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் பதிலைச் சேர்த்தே எழுதுங்கள். வரும் வாரங்களில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.